ஒன்பது சரிங்கம்மா

கல்லூரி வாசலுக்கு எதிரே, தட்டச்சு, நகல், பைண்டிங் என்று மூன்று வேலைக்கும் ஒரே பலகை மாட்டிய கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதன் நான்கு கால்களில் ஒன்று குட்டை. அந்தக் காலுக்கு அடியில், ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு ஓடிப்போன ஒருவரின் இரண்டாம் அத்தியாயம் எட்டாக மடித்துச் செருகப்பட்டிருக்கிறது. அத்தியாயத்தின் தலைப்பு சமூகச் சமநிலை. அது எழுதியவருக்குப் பட்டம் வாங்கித் தரவில்லை என்றாலும், நாற்காலி ஆடாமல் பார்த்துக்கொண்டது. இருபத்தாறு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தவர் முனைவரம்மா. இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை. துக்கம் ஒரு காரணம். பழக்கமில்லாதவர் உட்கார்ந்தால் அது கவிழ்த்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

முனைவரம்மா முனைவர் இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் தட்டச்சு கற்றுக்கொண்டு, கல்யாணமாகி, கடை போட்டவர். ஆனால் அறுபத்து மூன்று பேரை முனைவர் ஆக்கியவர். அவர்கள் கையெழுத்தில் கொண்டுவரும் கட்டுகளை அடித்து, திருத்தி, மறுபடி அடித்து, பொன்னெழுத்து போட்டு பைண்டு செய்து கொடுத்தவர். மாணவர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அது. நாளடைவில் தபால்காரரே அந்தப் பெயர் போட்ட கடிதத்தை யோசிக்காமல் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்.

கல்லூரியின் இலக்கியத் துறையில் ஒரு காலத்தில் எல்லோரும் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு காற்று திசை மாறியது. யாரோ ஒருவர் வர்க்கத்தைத் தொட்டார், இன்னொருவர் பாலினத்தைத் தொட்டார், மூன்றாமவர் இரண்டையும் சேர்த்துத் தொட்டார். அன்றிலிருந்து கடைக்கு வந்த கட்டுகள் எல்லாம் நாவலில் வர்க்கம், நாடகத்தில் பாலினம், நாவலிலும் நாடகத்திலும் வர்க்கமும் பாலினமும் என்றே வந்தன. மற்ற தட்டச்சர்கள் கண்ணால் வாங்கி விரலால் தள்ளிவிடுவார்கள், இடையில் மூளைக்கு வேலை இல்லை. முனைவரம்மாவிடம் மட்டும் அது வழியில் இறங்கித் தங்கிவிட்டது.

கோட்பாடு என்பது பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை என்று அவர் கண்டுகொண்டார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள். யார் பேச்சு முற்றுப்புள்ளி வரை போகிறது, யார் பேச்சு பாதியில் வெட்டுப்படுகிறது. கதவைத் திறப்பது யார், திறந்த கதவில் நுழைவது யார். இவ்வளவையும் எண்ணிவிட்டால் முடிந்தது, மீதியெல்லாம் அடிக்குறிப்பு. அதனால் அவர் எண்ண ஆரம்பித்தார். பிழை திருத்திய தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, நின்றது, உட்கார்ந்தது என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் இருநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள் வரை எண்ணினார். வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கால் முறிந்து கட்டுப்போட்ட பகுதியில்கூட நின்றுகொண்டே அழுதாள். இதை எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னார். அந்த அம்மாளுக்கு அன்றோடு தொடர் பார்க்கும் சுகம் போனது. மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. கணவர் குடிநீர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவு வரை அவர் 'எங்க' என்று கேட்டதை முனைவரம்மா எண்ணினார். துண்டு எங்க, கண்ணாடி எங்க, சர்க்கரை எங்க, நேற்று இங்கே வைத்த அது எங்க. மொத்தம் முப்பத்தொன்று. அதில் இரண்டு தடவை கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. சாப்பாட்டின்போது முடிவை வாசித்துக் காட்டினார். ஹெட் கிளார்க் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, வீட்டில் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதோடு நிற்காமல், ஊறுகாய் எங்க என்றும் கேட்டார். முப்பத்திரண்டு.

ஹெட் கிளார்க்குக்கு இன்னொரு முகம் உண்டு. அவர் நாடகாசிரியர். அரசு அலுவலகங்களுக்கு இடையே வருஷத்துக்கு ஒரு முறை நாடகப் போட்டி நடக்கும். மின்சாரம், போக்குவரத்து, தபால், குடிநீர் என்று ஆளுக்கொரு நாடகம் போடுவார்கள். குடிநீருக்குப் பதினேழு வருஷமாக எழுதியவர் அவர். பதினேழு வருஷமாகக் கோப்பை மின்சாரத்துக்கோ போக்குவரத்துக்கோதான் போயிருக்கிறது. ஒரே ஒரு வருஷம் தபாலுக்குப் போனது. அந்த வருஷத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

அவர் நாடகங்களுக்கு ஒரு அச்சு உண்டு. ஒரு பெரிய வீடு, ஒரு பெரியவர், ஒரு உயில், ஒரு கண்ணீர், கடைசியில் ஒரு சாவு. பதினெட்டாவது நாடகத்துக்கு எட்டாவது இருமல் என்று பெயர் வைத்திருந்தார். டாக்டர் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவார், எட்டாவது தடவை இருமினால் பெரியவர் பிழைக்க மாட்டார் என்று. அதற்குப் பிறகு சபையே விரல் மடக்கி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது அவர் கணக்கு. என்னதான் சொன்னாலும் இவரும் எண்ணத்தானே சொல்கிறார் என்று முனைவரம்மாவுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த நாடகத்தில்தான் முனைவரம்மாவின் நாற்காலி மாட்டிக்கொண்டது.

ஆறு மாதத்தில் ஹெட் கிளார்க்குக்கு ஓய்வு. பணியில் இருப்பவர்கள்தான் போட்டிக்கு எழுதலாம் என்பது விதி, ஆகவே இதுவே கடைசி வாய்ப்பு. கோப்பை வாங்கியவரை அலுவலக மனமகிழ் மன்றம் ஆயுட்கால நாடக ஆலோசகராக வைத்துக்கொள்ளும். ஆலோசகர் ஓய்வுக்குப் பிறகும் போட்டிக்கு எழுதலாம், அவருக்கென்று மின்விசிறியோடு ஒரு அறையே இருக்கிறது. வெளியூர் சபைகளும் கூப்பிடும். கோப்பை வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவர் முடிவு செய்திருந்தார். ஒரு நாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"கப்பு வரலேன்னா பேனாவை மூடி வெச்சுடுவேன். அப்புறம் தினம் ஒம்போது மணிக்குக் கடைக்கு வந்துடறேன். நீ பாட்டுக்கு டைப் பண்ணு. நான் உக்காந்து நிர்வாகத்தைப் பாத்துக்கறேன்."

முனைவரம்மாவின் காதில் மற்றதெல்லாம் காற்றோடு போனது, 'உக்காந்து' மட்டும் முள்ளாக நின்றது. மறுநாள் கடைக்குப் போனதும் ஸ்கேலை எடுத்து அளந்தார். நகல் இயந்திரம், தாள் வெட்டும் கத்தி மேசை, பைண்டிங் அழுத்தி, தட்டச்சு மேசை போக மிச்சமிருந்த இடம் இரண்டேகால் அடி. அதில் இன்னொரு நாற்காலி போட்டால் கடையின் கதவு திறக்காது. கடைக்கு ஒரே நாற்காலி, நிர்வாகம் அதில் உட்கார்ந்தால் தட்டச்சு நிற்க வேண்டும். அறுபத்து மூன்று ஆய்வேடுகளும் ஒரே குரலில் சிரிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து, கோப்பை வர வேண்டும் என்று இந்த உலகத்தில் நாடகாசிரியரைவிட அதிகம் ஆசைப்பட்டவர் அவர் மனைவிதான்.

நாடகத்தை அடிக்கும் வேலையும் அவருடையதே. ஹெட் கிளார்க் யாருக்கும் முழு நாடகத்தைக் கொடுக்க மாட்டார். மின்சாரத்துக்காரர்கள் கதையைத் திருடிவிடுவார்கள் என்று பயம். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாகம் மட்டும்தான். முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு வார்த்தை, அதற்குக் கீழே இவர் வசனம், இப்படி எண் போட்டு அடிக்க வேண்டும். எசமானி பாகம் பதினான்கு பக்கம் வந்தது. அது அவர் தங்கைக்கு, அதாவது முனைவரம்மாவின் நாத்தனாருக்கு. அந்த அம்மாள் அதே அலுவலகத்தில் காசாளர். அழுகை தானாக வரும். இருமுகிற பெரியவர் பாகம் ஒன்பது பக்கம், அது மீட்டர் ரீடருக்கு. வேலைக்காரி பாகம் அரைப் பக்கம். ஒன்பது இடத்தில் வர வேண்டும், ஒன்பது இடத்திலும் ஒரே வசனம்தான். சரிங்கம்மா.

அரைப் பக்கத்துக்கு எதற்குப் புதுத் தாள், வேஸ்ட் தாள் பின்னால் அடித்துக் கொடு என்றார் ஹெட் கிளார்க். அடித்தாயிற்று. அடித்துக்கொண்டிருந்தபோதே முனைவரம்மா கேட்டார், இந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு வார்த்தையும் வாயில் வராதா என்று. அவள் பேச வரவில்லை, தட்டு கொண்டுவரத்தான் வருகிறாள் என்று பதில் வந்தது. வர்க்கம், பாலினம் என்று இவர் ஆரம்பித்தார். இருமல் கெட்டுவிடும் என்று அவர் முடித்தார். கோப்பை நினைவு வந்ததும் முனைவரம்மாவும் வாயை மூடிக்கொண்டார். கொள்கை பெரிதுதான், நாற்காலி அதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

வேலைக்காரியாக நடிக்க வேண்டியவர் வாளியக்கா. குடிநீர் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர். கையில் வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். ஒத்திகைக்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ஒன்பது சரிங்கம்மாவுக்கு ஒத்திகை எதற்கு, அன்றைக்கு வந்து நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் எல்லோரும் அழுதும் இருமியும் பழகிக்கொண்டிருந்தபோது, வாளியக்கா வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாய் சதா முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ வீட்டுக் கவலை என்று நினைத்து அவரவர் காலைத் தூக்கி வழிவிட்டதோடு சரி.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் வாளியக்கா கடைக்கு வந்தார். பாகத் தாளை எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நிற்கிற இடத்திலேயே அதை எடுத்து நீட்டினார்.

"அக்கா, எட்டு வரைக்கும் தண்ணி மாதிரி வருது. ஒம்போதாவதுதான் நாக்குல நிக்கல. கொஞ்சம் சின்னதாப் பண்ணித் தரீங்களா?"

சரிங்கம்மாவை இதற்கு மேல் எப்படிச் சின்னதாக்குவது என்று முனைவரம்மாவுக்குப் புரியவில்லை. எங்கே, சொல்லு பார்ப்போம் என்றார். வாளியக்கா வாளியைக் கீழே வைத்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்.

"சரிங்கம்மா. நாடகத்துல கதவைத் தொறக்கறவ வேலைக்காரி. உள்ள வர்றவங்க பாக்கறது கதவை மட்டுந்தான்."

முனைவரம்மா தாளைப் பிடுங்கித் திருப்பினார். முன்பக்கம் அவர் அடித்த பாகம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பின்பக்கம் ஏழாம் வருஷத்தின் மூன்றாம் அத்தியாயக் கடைசித் தாள். ஏழாம் வருஷம் என்பது ஒரு ஆய்வு மாணவி. ஏழு வருஷமாக ஆய்வேடு எழுதுவதால் வந்த பெயர். நாடகங்களில் வேலைக்காரிப் பாத்திரம் என்பதுதான் அவள் மூன்றாம் அத்தியாயம். முடிவுரையில் கண்டறிந்தவை என்று தலைப்பிட்டு எண் போட்டு எழுதியிருந்தாள். அதுவும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

வாளியக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எதையும் முறையாகச் செய்பவர். முன்பக்கம் எப்போது பேச வேண்டும் என்று இருக்கிறது, பின்பக்கம் என்ன பேச வேண்டும் என்று இருக்கிறது, எண்ணுக்கு எண் சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். முதலில் சரிங்கம்மா, தொடர்ந்து பின்பக்கம். தன்னைப் பற்றியே வேலைக்காரி என்று பேசுவதுதான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பழைய நாடகங்களில் ராஜாக்கள் தங்களை இந்த மன்னன் என்று சொல்லிக்கொள்வதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று தேறிக்கொண்டார். புரியாத சொற்களைத் தன் மகளிடம் கேட்டு, சில இடங்களில் தன் வாய்க்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டும் இருந்தார்.

சொல்லிவிட வேண்டியதுதான். அம்மா தாயே, இது உன் வசனம் இல்லை, வேஸ்ட் தாள், நீ ஒன்பது தடவை சரிங்கம்மா சொல்லிவிட்டுப் போய்விடு. இரண்டே வாக்கியம். இல்லையென்றால் மேடையில் நாடகம் நாறிவிடும், கோப்பை போய்விடும், நாற்காலியும் அதோடு போய்விடும். முனைவரம்மா வாயைத் திறந்தார். வாளியக்கா அதற்குள் இரண்டாவதைச் சொல்லி, மூன்றாவதற்குப் போயிருந்தார். வராந்தா துடைக்கும்போது பாதி, பாத்திரம் துலக்கும்போது பாதி என்று மனப்பாடம் செய்த கதையையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். பதினெட்டு வருஷ வேலையில் தன்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்றும், ஐயா பெரிய மனசுக்காரர் என்றும் சொன்னார்.

அறுபத்து மூன்று ஆய்வேட்டிலும் முனைவரம்மா அடித்த சங்கதி, கடைவாசலில் வாளியோடு வந்து நின்று, ஒன்பதாவது மட்டும் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்கிறது. இதற்கு வேஸ்ட் தாள் என்று எந்த நாக்கால் சொல்வது?

"ஒம்போதாவது கொஞ்சம் நீளந்தான்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். மூன்று வரியை வெட்டி ஒன்றாக்கினார். வாளியக்கா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, இப்ப சரியா இருக்கு என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் முனைவரம்மாவுக்கு உறைத்தது, தாளின் கீழே இருந்த அடிக்குறிப்பை வெட்டாமல் விட்டுவிட்டோம் என்று.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முனைவரம்மா மூன்றாவது வரிசையில், மடியில் கட்டம் போட்ட தாளோடு, முகத்தில் ஈ ஆடாமல் உட்கார்ந்திருந்தார். ஹெட் கிளார்க் திரைக்குப் பக்கத்தில் சால்வை போட்டுக்கொண்டு நின்றார். சால்வை கோப்பை வாங்குவதற்காகக் கொண்டுவந்தது. மூன்று நடுவர்களில் ஒருவர் கல்லூரி இலக்கியத் துறைத் தலைவர். ஏழாம் வருஷம் கடைசி வரிசையில் இருந்தாள். முனைவரம்மாதான் வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

எசமானி, யாரங்கே, தண்ணீர் கொண்டுவா என்றார். வாளியக்கா தட்டோடு வந்தார். சரிங்கம்மா என்றார். எசமானி அடுத்த வசனத்துக்கு மூச்சு இழுத்தார். வாளியக்கா போகவில்லை. சபையைப் பார்த்து நிதானமாக, கதவைத் திறப்பவளையும் கதவை மட்டுமே பார்ப்பவர்களையும் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். நாத்தனார் இழுத்த மூச்சை வெளியே விட மறந்துவிட்டார். சபையில் ஒரு சலசலப்பு, அப்புறம் ஒரு சிரிப்பு.

இரண்டாவது தடவை வந்தபோது, வேலைக்காரி வெறுங்கையோடு மேடைக்கு வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார். மூன்றாவது தடவை, அவள் உட்கார்ந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை என்றார். எசமானி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத இடத்தில், எசமானி அழுதால் பின்னணியில் இசை வரும், வேலைக்காரி அழுதால் வெங்காயம் என்று நினைப்பார்கள் என்றார். சொல்லி முடிக்கும்போது ஆர்மோனியக்காரர் உண்மையிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனாருக்குப் பாகம் மறந்து கோபம் வந்துவிட்டது. வீட்டில் பேசுவது போலவே, என்னடி, எனக்கே சொல்லித் தர்றியா என்று கேட்டுவிட்டார். அது எந்தத் தாளிலும் இல்லாத வசனம். அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஐந்தாவது, குடும்ப ரகசியமெல்லாம் வேலைக்காரி முன்னால்தான் பேசப்படுகிறது, அவள் காதுள்ள மரச்சாமான். ஆறாவது, மேலே இருந்து தன் தலையில் இறங்கியதை எசமானி அப்படியே கீழே இருப்பவள் தலையில் இறக்கி வைக்கிறாள். இதற்குப் பெண்கள் பக்கத்தில் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து பேர் தட்டினார்கள்.

ஏழாவதுதான் வினையாக முடிந்தது. பெரியவர் ஏழு தடவை இருமி முடித்திருந்தார். உயில் கட்டில் மேல் கிடந்தது. எட்டாவதற்கு மீட்டர் ரீடர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தயாராகும்போது வாளியக்கா மாத்திரையோடு வந்து, ஆண் பாத்திரத்துக்கு நோய் வந்தால் அது கதைத் திருப்பம், வேலைக்காரிக்கு நோய் வந்தால் அது ஒரு நாள் விடுப்பு என்றார். மீட்டர் ரீடர் கூச்ச சுபாவம் உள்ளவர். தொண்டை வரை வந்த இருமலை வெட்கப்பட்டு விழுங்கிவிட்டார். சபை எட்டு, எட்டு என்று எடுத்துக் கொடுத்தது. ம்ஹூம், வரவில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்து ஹெட் கிளார்க் தானே இருமிக் காட்டினார். பெரியவர் அவரைப் பார்த்து, இப்ப பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பதினெட்டு நாடகத்தில் முதல் முறையாக யாரும் சாகவில்லை.

எட்டாவதாக, உயிலுக்குச் சாட்சியாகக்கூட வேலைக்காரியைச் சேர்ப்பதில்லை என்றார் வாளியக்கா. ஒன்பதாவதற்கு வந்தபோது கையில் தட்டு இல்லை. ஆகவே இந்த வீட்டில் வாய் மூடியிருப்பவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற முடிவுக்கு வரலாம் என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதே கம்பீரத்தோடு, "மேற்படி நூல், பக்கம் நாற்பத்திரண்டு," என்று முடித்தார்.

அதன் பிறகு அவர் உள்ளே போக வேண்டும். போகவில்லை. நாடகத்தில் எசமானிக்கென்று சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி ஒன்று மேடை நடுவில் இருந்தது. மூன்றாவதில் தானே சொன்னது ஞாபகம் வந்ததோ, கால் வலித்ததோ தெரியாது. போய் அதில் உட்கார்ந்தார். தண்ணீர் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். திரை இறங்கியது.

முனைவரம்மா அதுவரை ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. இப்போது பென்சிலை எடுத்தார். வேலைக்காரி என்ற வரிசையில், உட்கார்ந்தது என்ற கட்டத்தில், ஒரே ஒரு கோடு போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் கோடு அது. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தம்.

துறைத் தலைவர் மேடையேறினார். இந்த வேலைக்காரி வசனங்களைப் போல வர்க்கத்தையும் பாலினத்தையும் இத்தனை எளிமையாக, கூர்மையாகச் சொன்ன எழுத்தைத் தான் பல வருஷமாகப் படித்ததில்லை என்றார். எங்கள் மாணவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கடைசி வரிசையில் ஏழாம் வருஷம் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"சார், அது என் மூணாவது அத்தியாயம். ரெண்டு வருஷமா உங்க மேசை மேல இருக்கு. இன்னும் பிரிக்கல."

சொன்னதை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்சாரத்துக்காரர்கள் உடனே ஆட்சேபம் கிளப்பினார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நாடகம் நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, மேடையில் நெருப்பு கொளுத்தக் கூடாது என்று இருந்ததே தவிர, வசனத்தை எத்தனை பேர் எழுதலாம் என்று எதுவும் இல்லை. நாடகம் நாற்பத்து மூன்று நிமிஷம். கோப்பை குடிநீருக்கு வந்தது. ஹெட் கிளார்க் அதை, யாராவது பிடுங்கிவிடப் போகிறார்கள் என்பது போல, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழியில் ஹெட் கிளார்க் கேட்டார்.

"தாள் நீதானே அடிச்சே?"

"ஆமா."

"முன்னாடியே தெரியுமா?"

"நேத்து மத்தியானம் தெரியும்."

அவர் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப நான் எழுதினது நல்லா இல்லையா?"

முனைவரம்மா யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. எண்ணிப் பார்த்துச் சொல்பவர். "இருமல் நல்லா இருந்துச்சு," என்றார்.

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, அதில் எத்தனையாவது இருமல் என்று ஹெட் கிளார்க் கேட்டார். நாலாவது என்று பதில் வந்தது. நானும் அப்படித்தான் நினைச்சேன் என்று சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கப்பை எங்க வைக்கிறது என்று கேட்டார்.

ஏழாம் வருஷத்துக்கு அடுத்த மாதமே மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்தது, ஒரு திருத்தமும் இல்லாமல். ஆய்வேட்டை பைண்டு செய்யக் கொண்டுவந்தபோது, நன்றியுரையில் வாளியக்காவுக்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தாள். அறுபத்து மூன்று நன்றியுரையிலும் தட்டச்சு செய்தவருக்குக் கடைசி வரிதான். இவள் மட்டும் முனைவரம்மாவைத் துறைத் தலைவருக்கு மேலே ஏற்றியிருந்தாள். முனைவரம்மா அடிக்கும்போது அதை எடுத்துப் பழையபடி கடைசியில் போட்டுவிட்டார். நடுவில் இருப்பதை யார் படிக்கிறார்கள், முதலும் கடைசியும்தான் கண்ணில் படும் என்றார். அது எந்தக் கோட்பாட்டில் வருகிறது என்று ஏழாம் வருஷம் கேட்டதற்கு, அனுபவத்தில் என்று பதில்.

ஹெட் கிளார்க் ஆயுட்கால ஆலோசகராகி, மின்விசிறி அறையில் உட்கார்ந்து இன்னும் ஆறு நாடகம் எழுதினார். ஒன்றும் கோப்பை வாங்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் முதல் காட்சியிலேயே வேலைக்காரி ஒரு தடவை உட்காருவாள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒன்றில் வெள்ளம் வந்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பரணுக்கு ஓடுவார்கள், அவள் மட்டும் நிதானமாக உட்கார்ந்துவிட்டுப் பிறகு ஓடுவாள். ஆறிலும் நடித்தது வாளியக்காதான். பின்பக்கம் காலியாக இருந்தால் தாளையே அவர் கையில் வாங்க மாட்டார்.

முனைவரம்மா கடைசி வரை கடையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார். கடைசி நான்கு மாதம் மட்டும் கட்டிலில். அப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தன.

அவர் போன பிறகு ஹெட் கிளார்க் தினமும் ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கிறார். அடிப்பதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவள் சொந்தமாக ஒரு முக்காலி கொண்டுவந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதற்கு அந்த இரண்டேகால் அடி தாராளமாகப் போதுமாக இருந்தது. இவர் நிற்கிறார். உட்காருங்களேன் ஐயா என்று வருகிறவர்கள் சொன்னால், நாற்காலியின் முதுகில் ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார். அந்தக் கடைசி மாதங்களில் முனைவரம்மா போட்ட தாளில் ஒன்று அது, கடையிலேயே லேமினேட் செய்தது, கொஞ்சம் கோணலாக. வெந்நீர் வைத்தது, மருந்து கலக்கியது, கால் பிடித்துவிட்டது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோடு. கணவர் என்ற வரிசையில் நின்றது இருநூற்று எட்டு, உட்கார்ந்தது பதினொன்று. அவர் அதை ஒரு சான்றிதழ் போலப் படித்துக் காட்டுவார். அதற்கு அடுத்த கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். அதில் 'எங்க' நானூற்று இருபது.

சில நேரம் படித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவுவார். மேசை மேல் தேடுவார். கண்ணாடி எங்க என்று பொதுவாகக் கேட்பார். முக்காலிப் பெண் நிமிர்ந்து பார்க்காமலே, மூக்குல என்பாள்.